கல்யாணத்துக்குப் போன எடைப் படிவங்கள்

உங்கள் இயக்குநர் என்னை அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார். தலைப்பு, 'ஆய்வு நடக்கும்போதே தரவுகளைப் பாதுகாப்பது எப்படி'. எப்படி என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நானும் புரட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எச்சரிக்கையான ஒருத்தி, எச்சரிக்கையாக இருந்து இருந்தே ஒரு சுற்றுத் தரவு முழுவதையும் எப்படிக் கோட்டை விடப் பார்த்தாள் என்ற கதை. அந்த ஒருத்தி நான்தான். அலட்சியமான ஆள் தொலைத்தால் அதில் கதை ஏதும் இல்லை; தொலைத்தான், அவ்வளவுதான்.

ஆட்களின் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அப்போதே எனக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

அது ஃபிளாப்பி காலம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரத் தட்டு, அதற்குள் ஒரு மலையையே அடக்கிவிட்டோம் என்று நாங்கள் பெருமைப்பட்ட நாட்கள். கல்வராயன் மலை ஊர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பது எங்கள் திட்டம். அம்மாவின் உயரம், எடை, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் நாலு பக்கப் படிவம். எடை குறைந்த குழந்தைகளின் பட்டியல் மலையிலிருக்கும் நர்ஸம்மாவுக்குப் போகும். அவர் சத்துமாவு கொடுப்பார், மோசமாக இருந்தால் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆகவே எங்கள் எண்கள் கட்டுரை எழுத மட்டும் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

பேராசிரியர் சென்னையில் இருந்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறை எங்கள் அலுவலகம். அங்கே நானும், தாமோதரன் என்ற ஆய்வு உதவியாளரும். கம்ப்யூட்டர் எங்களிடம் இல்லை. பக்கத்துத் தெரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள், அதில் ஒரு பெண் எங்கள் படிவங்களை ஏற்றிக்கொடுப்பாள். அவள் பெயரை மாற்றிக்கூடச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்த வயதிலும் எனக்குத் திட்டு விழும். டைப்பிஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். இந்தத் தொழிலில் எனக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

இப்போது என் எச்சரிக்கைகளைக் கேளுங்கள்.

முதலாவது, மூன்று பிரதிகள் வைத்திருந்தேன். படிவங்கள் ஒன்று, அதை ஏற்றிய ஃபிளாப்பி ஒன்று, அந்த ஃபிளாப்பிக்கு நகல் இன்னொன்று. இரண்டாவது, அலுவலகத்தில் எலி, மழை வந்தால் ஒழுகல். அதனால் மூன்றையும் கனமான ஒரு பச்சை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோனேன். மூன்றாவது, பெட்டியின் மேல் எங்கள் பெயரோ முகவரியோ எழுதவில்லை. எழுதினால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரிந்துவிடுமாம். நான்காவது, இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டரில் ஊரார் வீட்டு விஷயம் தங்கக்கூடாது என்று தினமும் சாயங்காலம் டைப்பிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிக்கவைப்பேன்.

"மேடம், ஒண்ணு இங்கியே கெடக்கட்டுமே," என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றேன்.

மூன்றாம் சுற்று முடிந்து, மதிப்பீட்டுக் குழு சனிக்கிழமை வருவதாக இருந்தது. திட்டத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த வாரத் தொடக்கத்திலேயே படிவங்களில் சில சந்தேகங்களைச் சரிபார்க்கப் பெட்டியோடு மலைமேல் கரியாலூர் போனேன். சரிபார்த்து முடித்தபோது ஜீப் படுத்துவிட்டது. டிரைவரை அதற்குக் காவல் வைத்துவிட்டு, புதன்கிழமை மத்தியானம் பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக் கீழே இறங்கினேன்.

கச்சிராயபாளையத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஏறினார். அவரும் கூரையில் ஒரு டிரங்குப் பெட்டி ஏற்றினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, 'நம் பெட்டி மாதிரியே இருக்கிறதே' என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைக்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கூரையிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாமோதரன் முன்னால் சாவியைப் போட்டேன், திறந்தது. அந்தச் சின்னப் பித்தளைப் பூட்டு எந்தச் சாவிக்கும் மரியாதை கொடுக்கிற ரகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூடியைத் தூக்கினேன். மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் என் முகம். அதன் கீழே ஒரு காமாட்சி விளக்கு, சந்தனக் கிண்ணம், மஞ்சள் பொட்டலம், இரண்டு பட்டுப்புடவைகள், மாப்பிள்ளைக்கு மடிப்புக் கலையாத பட்டுவேட்டி, சட்டை.

தாமோதரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், இது எந்தச் சுற்று?"

அடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று இருந்தது. மணமகள் செல்வி, கச்சிராயபாளையம். மாப்பிள்ளை வீடு தியாகதுருகம். வியாழக்கிழமை காலை முகூர்த்தம், அதாவது மறுநாள். எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். பொய் சொல்லலாமா என்று மூன்று முறை மணி அடிக்கும்வரை யோசித்தேன். எடுத்ததுமே அவர், "எல்லாம் பத்திரமா?" என்றார்.

"பெட்டி கல்யாணத்துக்குப் போயிருக்குங்க சார்."

"யார் கல்யாணம்?"

"தெரியலைங்க சார். பத்திரிகை இருக்கு, வாசிக்கட்டுங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சீர்ப் பெட்டியோடு தியாகதுருகம் போய் இறங்கினேன். கல்யாண வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை, சத்தம் தெருமுனைவரை வந்தது. ஆனால் மேளச் சத்தம் இல்லை, சண்டைச் சத்தம். மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தன் மச்சானின் தொளதொளச் சட்டையில், முழங்கை மறைய நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டிக்காரரை அடையாளம் கண்டேன். அவர் பெண்ணின் சித்தப்பா. என் தலைக்கு மேலிருந்த பெட்டியைக் கண்டதும் அழுதே விட்டார்.

"இதோ வந்துட்ச்சி! நான் சொன்னேன் இல்ல, பொட்டி மாறிப்பூட்ச்சின்னு! நான் சொன்னேன் இல்ல!"

பெட்டியை இறக்கி, நான் இன்னார், மலையில் குழந்தைகளுக்கு எடை பார்க்கிறவள், பஸ்ஸில் பெட்டி மாறிவிட்டது என்று சொன்னேன். பட்டுவேட்டி உடனே மாப்பிள்ளைக்குப் போனது. இத்தோடு முடிந்தது, படிவங்களை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் அத்தை முன்னால் வந்தார். கையில் எங்கள் படிவம் ஒன்று.

"பொட்டி மாறிப்பூட்ச்சி, செரி. இது இன்னா? நேத்து தொறந்து பாத்தா ஒரே கடுதாசி. எத எடுத்தாலும் கொழந்த எட, கொழந்த எட. கல்யாணமே ஆவல, அதுக்குள்ள கொழந்த கணக்கு அனுப்பிக்கறாங்களேன்னு பாத்தேன். அப்பறம் இது கெடச்சிது. நீயே படி."

வாங்கிப் பார்த்தேன். 'தாயின் பெயர்: செல்வி. குழந்தைகள்: இரண்டு.'

"பொண்ணு பேரும் செல்வி. ரெண்டு புள்ளன்னு எழுதிக்கீது. யாரோ புண்ணியவாங்க தகவல் குடுத்துக்கறாங்க," என்றார் அத்தை.

மொட்டைக் கடிதம் கேள்விப்பட்டிருக்கிறேன். மொட்டைப் பெட்டியை அன்றுதான் கேள்விப்பட்டேன். சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அம்மா, இது வேற செல்விங்க. மலையில ஒரு ஊர்ல இருக்கறவங்க," என்றேன்.

"எந்த ஊரு?"

இங்கேதான் எங்கள் அறிவைப் பாருங்கள். படிவத்தில் ஊர்களுக்குப் பெயர் எழுதாமல் எண் போட்டிருந்தோம், ரகசியம் காப்பதற்காக. ஆளின் பெயரை மட்டும் அழகான கையெழுத்தில் முழுதாக எழுதியிருந்தோம். ஊரை ஒளித்து ஆளைக் காட்டிக்கொடுத்திருந்தோம்.

"எந்த ஊரு செல்வி? யாரு பொண்டாட்டி? அத்த மட்டும் சொல்லு. சைக்கிள்ல ஆள உட்டு வெசாரிச்சிக்கினு வரேன். அதுக்கப்பறம் தாலி கட்டட்டும்."

கூட்டம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. சித்தப்பா எழுந்து வந்து கும்பிட்டார். "சொல்லிடும்மா. ஒரு பொண்ணு வாழ்க்கம்மா. ஒரு ஊரு பேருதான?"

எனக்கு அந்த மலைச் செல்வியைத் தெரியும். அவள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை எழுதியதே நான். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தபிறகு, கடைசிப் பக்கத்துக்கு அவள் ஒரு விஷயம் சொன்னாள். அது என்ன என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஊர்ப் பெயரை நான் சொன்னால் சைக்கிளில் போகிற ஆள் அவள் வாசலில் போய் நிற்பான். 'உன்னைப் பற்றி ஒரு காகிதம் தியாகதுருகத்தில் கிடக்கிறது' என்பான். அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இங்கே ஒரு கல்யாணம் நிற்கும். முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை.

கையேட்டில் இதற்குப் பத்தி எதுவும் கிடையாது. படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டாள் மாதிரி நின்றேன்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மணப்பெண் வந்து நின்றாள். நெற்றிச்சுட்டி நிலைப்படியில் இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்துதான் வரவேண்டியிருந்தது.

"ஏங்க, அந்தக் கடுதாசில வேற இன்னா இன்னா எழுதிக்கீது?" என்று என்னைக் கேட்டாள்.

"வயசு, எடை, உயரம்..."

"அம்மா உசரமும் எழுதிக்கீதா?"

"எழுதியிருக்கு."

"அப்ப என்ன அளங்க."

இதைத்தான் நான் யோசித்திருக்க வேண்டும். டேப் என் பையிலேயே இருந்தது. பந்தல் காலில் சாத்தி நிற்கவைத்தோம். தலைப்பூவை அமுக்கிப் பிடித்து, உச்சியில் பத்திரிகைக் கட்டை மட்டமாக வைத்துக் குறித்தேன். மலையில் ஆயிரம் தரம் செய்த வேலை, அன்றைக்கு இரண்டு தரம் அளந்தேன். டேப்பைப் பார்த்தேன், படிவத்தைப் பார்த்தேன்.

"இது இவங்க இல்லைங்க. ஒரு சாணுக்கு மேல வித்தியாசம்."

"எங்க, காட்டு," என்று அத்தை கையை நீட்டினார்.

"அந்த ஒரு எண்ண மட்டும் காட்டறேன். மத்தத நீங்க பாக்கக் கூடாது."

தாம்பூலத் தட்டிலிருந்து வெற்றிலைகளை எடுத்துப் படிவத்தின்மேல் வரிசையாக அடுக்கினேன். உயரம் எழுதிய கட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார், டேப்பைப் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு நியாயமான மனுஷியாக, "செரி, இது அந்தப் பொண்ணு இல்ல," என்றார். சித்தப்பா இரண்டாம் முறை அழுதார்.

நான் டேப்பைச் சுருட்டப் போனேன். அத்தை தடுத்தார். பெண்ணை மேலிருந்து கீழே பார்த்தார், அப்புறம் பட்டுவேட்டியில் வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"டேய், நீ வாடா இங்க. பந்தக் கால்ல நில்லு."

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அளந்தால் மாப்பிள்ளை பெண்ணைவிட நாலு விரல்கடை கம்மி. பந்தலில் மறுபடி முணுமுணுப்பு. என் ஆய்வு இந்தக் கல்யாணத்தை ஒரு காலையில் இரண்டு முறை நிறுத்திவிட்டதே என்று நினைத்தேன். மாப்பிள்ளைதான் வாய் திறந்தார்.

"இத்த அளந்துதான் தெரிஞ்சிக்கணுமா அத்த? பொண்ணு பாக்கப் போனப்பவே அண்ணாந்துதான் பாத்தேன். எனக்குப் புடிச்சிதான் கீது."

யாரோ சிரித்தார்கள். பெண்ணும் சிரித்துவிட்டாள். மேளக்காரர் அதுதான் சமயம் என்று ஓங்கி அடித்தார்.

தாலி கட்டி முடிந்ததும் என் பெட்டியைக் கேட்டேன். பெட்டி இருந்தது, பாதிதான் நிறைந்திருந்தது. மீதி எங்கே என்று கேட்டால் எல்லோரும் சமையல் கொட்டகையைக் கைகாட்டினார்கள். முந்தின நாள் கோபத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு கட்டை அள்ளிச் சமையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் வடைக்கூடையில் எண்ணெய் வடிய விரித்திருக்கிறார்.

"நல்ல தடிமனான பேப்பரும்மா. எண்ணெய இஷ்து வெச்சிக்கிது. இன்னும் கீதா உங்ககிட்ட?" என்று கேட்டார்.

கூடையிலிருந்து, குப்பையிலிருந்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தேன். எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. அடுப்புக்குள் போனது போனதுதான். என்னைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். வடை நன்றாகவே இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஃபிளாப்பிகள்? மாப்பிள்ளைக்கு ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியப்பா மகன் ஒருவர். என்ன சாமான் என்று பார்க்க இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிரித்து, உள்ளேயிருந்த கறுப்பு வட்டத்தை வெயிலில் தூக்கிப் பார்த்திருக்கிறார். என்னிடம் மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார்: "மேடம், உங்கள யாரோ ஏமாத்திக்கறாங்க. இதுல ஒண்ணுமே எழுதல."

மத்தியானம் இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிஸ்ட் முன்னால் மூட்டையைக் கொட்டினேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்பாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. முகப்பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவரச் செய்தாள். எண்ணெய்ப் படிவங்கள்மேல் தூவி, உதறி, மறுபடி தூவினாள். எழுத்து தெரிய ஆரம்பித்தது. பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைக் காட்டினாள். ஏற்றும்போதே ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு வரிசை எண் போட்டு, அந்த எண்களைக் குழந்தை பெயரோடு தன் நோட்டில் எழுதிவைத்திருந்தாள். யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது. அந்த நோட்டு இல்லையென்றால் எத்தனை படிவம் போயிற்று என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது. ராத்திரி ஆவதற்குள் வரிசைப்படுத்திவிட்டோம். இருபத்து மூன்று இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் இருந்ததையெல்லாம் மறுபடி ஏற்றினாள். சாயங்காலம் தாமோதரன் வந்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இருபத்து மூணு குழந்தைங்களோட போன சுத்து எடை சென்னையில பத்திரமா இருக்கு, போன்ல கேட்டு எழுதிட்டேன். ஆறு மாசத்துல ஒரு குழந்த எவ்வளவு ஏறும்? ஒரு கிலோ. சிலதுக்கு முக்காக் கிலோ போடுவோம், சிலதுக்கு ஒண்ணேகால். யாருக்குத் தெரியப் போவுது? பாவம், சார் மானம் போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. மூன்று நாளாகத் தூங்காதவர். நானும் தூங்காதவள். புதுப் படிவங்களை எடுத்தேன். நம்பமாட்டீர்கள், மூன்று எழுதியும் விட்டேன். வேகமாக வந்தது. உண்மையான எடையைவிட அழகாகக்கூட இருந்தது. மூன்றையும் டைப்பிஸ்டிடம் நீட்டினேன்.

அவள் மூலையைப் பார்த்தாள், சிவப்பு எண் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஒரு கிலோ யாரு போட்ட சோத்துல ஏறிச்சிங்க மேடம்?"

மூன்றையும் என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நீங்க ஏத்திட்டீங்கன்னா நர்ஸம்மா லிஸ்ட்ல அந்தப் புள்ளைங்க பேரு வராது. அதுங்களுக்கு சத்துமாவு கெடைக்காது. கட்டம் காலியாவே கெடக்கட்டும். கேட்டா வடைக்குப் பூட்ச்சின்னு சொல்லுங்க. வெக்கமா இருந்தா நான் வந்து சொல்றேன்."

மூன்று படிவங்களையும் கிழித்தேன். தாமோதரன்தான் முதலில் சிரித்தார், அவருக்கும் பாரம் இறங்கிவிட்டது போல.

சனிக்கிழமை குழு வந்தது. தலைமை ஒரு வயதான அம்மையார், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெயர் பெற்றவர். பேராசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை. அட்டவணையை வைத்தேன். இருபத்து மூன்று கட்டங்கள் காலி. ஏன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன், பந்தல் கால் உட்பட. அம்மையார் ஒரு படிவத்தை எடுத்தார். பவுடர் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"உளுந்து வடையா?"

"ஆமாங்கம்மா."

"எனக்கு எல்லா ஊரிலும் நிரம்பிய அட்டவணைதான் காட்டுகிறார்கள். ஓட்டை இருக்கும் அட்டவணையை ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. ஒரு வருடம் நீட்டிப்புக் கொடுத்தார். கூடவே ஒரு பக்கத்துக்கு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தார். பிரதிகள் வேறு வேறு ஊரில் இருக்கவேண்டும். பெயர்கள் ஒரு தனி நோட்டில், படிவத்தில் எண் மட்டும். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். நகலைத் திறந்து பார்த்தபிறகுதான் அது நகல். உங்கள் கையேட்டில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். பெயர் நோட்டு இருந்த அலமாரியின் சாவியை டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். கடைசிவரை என்னை நம்பி அதைத் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை ஜீப் எழுந்துகொண்டது. விட்டுப்போன இருபத்து மூன்று குழந்தைகளையும் மறுபடி எடை பார்க்க மலைக்குப் போனோம். ஏன் மறுபடி என்று கேட்டவர்களுக்கு, "ஒரு தடவ சரிபாக்கறோம்," என்று மட்டும் சொன்னேன். குழுவுக்குச் சொன்ன உண்மையை அந்த அம்மாக்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு என்ன காரணம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காளியம்மா கூலிக்கு மரவள்ளி பிடுங்குகிறவள். இரண்டு வயதுப் பையன். நான் வெள்ளிக்கிழமை அழகாக எழுதிக் கிழித்த மூன்றில் இவனும் ஒருவன். ஒரு கிலோ ஏற்றியிருந்தேன். தராசில் போட்டோம். போன சுற்றைவிட ஏறவில்லை, இறங்கியிருந்தது. மூன்றாம் சுற்றில் அவனை எடை பார்த்த களப்பணிப் பெண்ணைக் கேட்டேன். "அப்பவே கம்மிதாங்க மேடம், சிவப்பு வட்டம் போட்டுத்தான குடுத்தேன்," என்றாள். அந்தச் சிவப்பு வட்டம் அடுப்பில் எரிந்திருக்கிறது. டைப்பிஸ்ட் மட்டும் அன்றைக்கு மறுக்காமல் இருந்திருந்தால், நாங்கள் மறுபடி அந்த வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டோம். தாயையும் பிள்ளையையும் அதே ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தார்கள். நான் தினமும் போவேன். பையன் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்த அன்று, காளியம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பஸ், கல்யாணம், வடைக்கூடை, அடுப்பு. உன் வீட்டு விஷயம் எழுதிய காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்றேன். நான் எழுதிக் கிழித்த அந்த ஒரு கிலோவையும் சொன்னேன்.

அவள் பையன் வாயிலிருந்த பிஸ்கட் தூளை முந்தானையால் துடைத்தாள். கோபமா என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆவ மொத்தம் எம் புள்ள பேரு மட்டும் தியாகதுருகம் போயி, கல்யாண வூட்ல வடயோட குந்திக்கினு வந்துக்கீது," என்றாள். "பெத்தவ எனக்குத்தான் யாரும் பத்திரிக வெக்கல."